பதினேழு படி

எங்கள் ஊர் ப்ருந்தாரியில் கிழவன் கிழவிகளுக்கென்று கட்டிய வீட்டுக்குப் பதினேழு படி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பலகை அடித்துக் கான்கிரீட் போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? எழுபது வயது தாண்டியவர்களுக்கு மட்டும்தான் வீடு என்பது ஒரு விதி. தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில்தான் வீடு என்பது இன்னொரு விதி. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்திருக்க மாட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் வயிறெரிய எனக்கு உரிமை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

தோதெர் அண்ணனும் சாஃப்தா அக்காவும் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு வேலி, அதிலும் பாதிப் பலகை விழுந்து கிடக்கும். அண்ணனுக்கு எழுபத்தெட்டு, அக்காவுக்கு எழுபத்தைந்து. ஒரே பையன் இத்தாலியில் லாரி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். நாலு வருஷத்துக்கு முன்னால் சிரெத் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. அவர்கள் வீடு சுடாத செங்கல். ஒன்பது நாளும் சுவர் தண்ணீரைக் குடித்தது. வடக்குச் சுவர் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நான்தான் இரண்டு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் கூரைமேல் பனி ஏறிவிட்டால் அக்கா அந்தப் பக்க அறையில் படுக்க மாட்டாள்.

அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. கூட்டுப்பண்ணையில் இருபத்தாறு வருஷம் ஈரத் தரையில் மாடு கறந்தவள். வீட்டு வாசலில் இருக்கிற இரண்டே படியை ஏற நிலையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை மூச்சு வாங்குவாள். வாய்க்கு மட்டும் வலியே கிடையாது.

முதியோர் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்குத்தான் இடம். விண்ணப்பம் போட்டவர்கள் இருபத்தொன்பது பேர். அதில் நாலாம் நம்பர் வீடு இவர்களுக்கு என்று கடிதம் வந்த அன்று தோதெர் அண்ணன் வேலி ஓட்டை வழியாகவே நுழைந்து வந்து எனக்கு பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். வாடகை பெயருக்குத்தான். சூடுபடுத்தின அறை, உள்ளேயே குளியலறை, இடியாத சுவர். அந்த வயதில் வேறென்ன வேண்டும்?

மே மாதம், பில்லருக்குக் கம்பி கட்டி நிறுத்தியிருந்த சமயம். ஒரு வாரமாக மழை. கால் வைத்த இடமெல்லாம் சேறு பூட்ஸைப் பிடித்து இழுத்தது. மத்தியானம் மக்காச்சோளக் களியும் உப்புப் பாலாடைக்கட்டியும் பிட்டுத் தின்றுகொண்டிருந்தோம். தள்ளுவண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், நாங்கள் மண் அள்ளுகிற மாதிரியான ஒற்றைச் சக்கரவண்டியில் தலையணை போட்டு அக்காவை உட்கார வைத்து அண்ணன் தள்ளிக்கொண்டு வருகிறார். தன் வீட்டைப் பார்க்க வருகிறாளாம்.

அக்கா கம்பிகளை அண்ணாந்து பார்த்தாள். "டேய் எமில், என்னடா இது? நாரைக்கு வீடு கட்டுறீங்களா?"

"பில்லர்க்கா. மறுபடி வெள்ளம் வந்தா தண்ணி அடியில போயிரும். வீடு மேல நிக்கும்."

"வீடு நிக்கும். நான் எப்படிடா மேல போறது?"

"படி இருக்கு."

"எத்தன?"

வாயில் இருந்த களியை மென்று விழுங்க எனக்கு நேரம் பிடித்தது. "பதினேழு."

அண்ணன்தான் குதித்தார். "லிஃப்ட் வைப்பாங்கல்ல? எழுபது வயசுக்கு மேலதான்னு சொல்லிட்டு லிஃப்ட் இல்லாம எப்படிரா?"

"லிஃப்ட்டுக்கு இடம் விட்டிருக்குண்ணே. ரெண்டாம் கட்டத்துல வைப்பாங்களாம். இப்போதைக்கு வெறும் பொந்துதான்."

"ரெண்டாம் கட்டம் எப்போ?"

"அது அவங்களுக்கே தெரியாது."

"அப்ப சறுக்கு மாதிரி ஒரு பாதையாவது போடுங்கடா. வண்டியில வெச்சு நானே தள்ளிருவேன்."

"அத நான் கேட்டேன்ண்ணே. மூணு மீட்டர் ஒசரத்துக்குச் சறுக்கு போட்டா நாப்பது மீட்டர் நீளம் வேணுமாம். அந்தாண்ட ரோடு வந்துருது."

அக்கா வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எதுக்குடா மூணு மீட்டரு? நம்ம ஊர்ல அவ்வளவு தண்ணி எப்ப வந்துச்சு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தன் பூட்ஸைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வெள்ளம் வடிந்து மூன்றாம் வாரம் சேதம் பார்க்க மாவட்டத்திலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் நின்ற வீட்டுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பும் இரண்டு கம்பளியும். கதவு நிலைக்கு மேலே போன வீட்டுக்குக் கூரை ஓடு, மரம், கட்டில், மெத்தை எல்லாம். எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது தொடை வரைக்கும். தொடையளவு தண்ணீரே ஒன்பது நாள் நின்றால் மண்சுவரை என்ன பாடு படுத்தும் என்று அந்த விதியை எழுதினவனுக்குத் தெரியவில்லை. ஆகவே நாங்களே தண்ணீரை ஏற்றினோம்.

யோசனை தோதெர் அண்ணனுடையது. வண்டலும் சாம்பலும் கரைத்து வாளியில் எடுத்துக்கொண்டார், வெள்ளையடிக்கிற பிரஷ்ஷும். ஆனால் ஒரு வீட்டில் கோடு மேலே, அடுத்த வீட்டில் கீழே என்று இருந்தால் மாட்டிக்கொள்வோம் இல்லையா? அதற்குத்தான் நான். என்னிடம் கொத்தனார் லெவல் டியூப் இருந்தது, இருபது மீட்டர். டியூபில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடிக்க, வீடு வீடாக மட்டம் பார்த்துக்கொண்டே போனோம். நாற்பத்தொரு வீடு. இரண்டு பகல். பெண்கள் வாளியில் வண்டல் கரைத்துக் கொடுத்தார்கள், பந்தல் வேலை மாதிரி சிரிப்பும் கேலியுமாக நடந்தது. ஆறே வந்து போட்டிருந்தாலும் அவ்வளவு நேராகப் போட்டிருக்காது. சேதம் பார்க்க வந்த அதிகாரி தன் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நாற்பத்தொரு வீட்டிலும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லையே என்று வியந்து போனார். அன்று நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று இப்போது தெரியவில்லை.

அக்கா வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போன அடுத்த செவ்வாய்க்கிழமை, முதியோர் வீட்டுக்கு இஞ்சினியரான ரலூகா வந்தாள். முப்பது வயது, ரப்பர் பூட்ஸ், வேலை தெரிந்த பெண். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உயரத்தை யார் முடிவு பண்ணினார்கள் என்று கேட்டார். அவள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். தோதெர் அண்ணனின் வீட்டுச் சுவர். நிலைக்கு மேலே எங்கள் கோடு.

"இது உங்க தெருதான் ஐயா. இந்த மட்டத்த எடுத்து இங்க பாத்தா ரெண்டே முக்கால் மீட்டர் வருது, இந்த எடம் இன்னும் பள்ளம் இல்லையா? அதுக்கு மேல கொஞ்சம் சேத்து மூணு. இதுக்குக் கீழ வீடு கட்டினா எனக்கு வேலை போயிரும்."

"தண்ணி உண்மையிலேயே கம்மியா வந்திருந்தா?"

"ஒரு மீட்டர் சொச்சம்னு வெச்சுக்கங்க, எட்டுப் படி போதும். பக்கத்துல சறுக்குப்பாதையும் போட்டிருக்கலாம். எனக்கும் செலவு மிச்சம். என்ன பண்றது, வந்த தண்ணி வந்தது."

அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து நாலு நாள் அந்த வீட்டுச் சண்டை வேலி ஓட்டை வழியாக என் வீட்டுக்குள் கேட்டது.

"யோவ் தோதெர், போய்ச் சொல்லுய்யா. கோட்ட நான்தான் போட்டேன்னு சொல்லு."

"சொன்னா? கூரை ஓட்ட எறக்கிட்டுப் போவான். நம்ம வீட்டுது மட்டுமா? நாப்பத்தோரு வீட்டு ஓட்டையும்."

"ஓட்ட எறக்கட்டும். அதுக்குக் கீழ செவுரே இல்லாதப்ப ஓடு எதுக்கு? காக்கா உக்காரவா?"

"ஊரே என்னைத் துப்பும் சாஃப்தா."

"ஊர் துப்பினா தொடச்சுக்கலாம். செவுரு விழுந்தா தொடச்சுக்க முடியாது."

"நான் உன்ன முதுகுல தூக்கிட்டுப் போறேன். தினமும்."

"உன் முதுகா? போன வாரம் பூசணிக்காயத் தூக்கிட்டு ரெண்டு நாள் படுத்துக் கெடந்த முதுகு. வாய மூடு."

சனிக்கிழமை அண்ணன் சவரம் பண்ணிக்கொண்டு, சர்ச்சுக்குப் போகிற கோட்டு மாட்டிக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்கு வந்தார். ரலூகா இருந்தாள், எங்கள் ஊர்த் தலைவர் வியோரெலும் இருந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். வாளி, வண்டல், பிரஷ், இரண்டு பகல். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் பத்தடி தள்ளிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவே இல்லை.

ரலூகா கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலியாக இல்லை, பாவமே என்று சிரித்தாள். "ஐயா, அம்மாவுக்கு முட்டி சரியில்லைன்னு எனக்குத் தெரியும். அதுக்காக இப்படி ஒரு கதையா? நாப்பது வீட்டுல ஒரே மட்டம். வாளியும் பிரஷ்ஷும் வெச்சுக்கிட்டு ஒரு மனுஷனால அப்படிப் போட முடியாது. தண்ணியால மட்டும்தான் முடியும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். டியூப் என் வண்டியில்தான் கிடந்தது. நான் சொல்லவில்லை. என் வீட்டுக் கூரையும் அந்த ஓடுதான். அதோடு, பொய்க்கோடு போட்ட கொத்தனார் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்த மாவட்டத்தில் எவன் என்னைக் கூப்பிடுவான்?

ரலூகா கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, ஒண்ணு பண்ணுங்க. அந்தத் தெருக்காரங்கள்ல பாதிப் பேர், இருபத்தோரு வீடு, தண்ணி இவ்வளவுதான் வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நான் எடுத்துட்டுப் போய்ச் சண்ட போடுறேன். ஆனா வர்ற வியாழக்கிழமை பில்லருக்குக் கான்கிரீட் போடுறோம். அதுக்குள்ள வரணும்."

வியோரெல் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "எழுதிக் குடுக்கலாம் தோதெர் அண்ணே, தப்பில்ல. ஆனா அப்படி எழுதிக் குடுத்தா, அப்புறம் கூரை ஓட்டப் பத்தி எவனாவது கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லி வெக்கிறேன்."

அது போதும். சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் வீடு வீடாக ஏறினார். யாரும் திட்டவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் உட்கார வைத்தார்கள், ஊற்றிக் கொடுத்தார்கள், செர்ரிப் பழம் கொண்டுவந்து வைத்தார்கள். மளிகைக்கடை பெத்ரு, பையன் வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவன் பையன் லண்டனில் இருக்கிறான். ஒருத்திக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. ஒருத்தன், முதலில் மற்றவர்கள் போடட்டும், கடைசியாக நான் போடுகிறேன் என்றான். அப்படிச் சொன்னவர்கள் மட்டும் பதினோரு பேர்.

புதன்கிழமை என் வீட்டுக்கு வந்தார். வாசல் வழியாக வந்தார், வேலி வழியாக இல்லை. தாளை விரித்து மேசையில் வைத்தார். தோதெர், சாஃப்தா. இரண்டே பெயர்.

"உன்ன நான் வற்புறுத்தல எமில்."

"பாக்கலாம்ண்ணே. ஒரு நாள் டைம் குடுங்க."

"நாளைக்குக் கான்கிரீட்."

"தெரியும்ண்ணே."

அவர் தாளை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். "அன்னிக்கு நீ டியூபப் பிடிச்சத நான் ஆபீஸ்காரங்க யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்." அதைச் சொல்லாமல் போயிருந்தால் நான் அவர்மேல் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. மழை விட்டு நல்ல வெயில். பில்லர் பில்லராக நிரப்பினோம், வைப்ரேட்டரை விட்டுக் குத்தினோம். நல்ல கலவை, ஒரு பொத்தல் கிடையாது. என் கையால் செய்தேன்.

அக்டோபர் கடைசியில் சாவி கொடுத்தார்கள். மாத முடிவுக்குள் குடியேறாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கிழக்கிலிருந்து குளிர்காற்று தொடங்கிவிட்டது, காலையில் வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி மாதிரி பனி. வடக்குச் சுவரில் என் முட்டுக்கட்டைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல் விட்டிருந்தது. என் உள்ளங்கையே உள்ளே போகும். அக்கா சம்மதித்துவிட்டாள். வேறு வழி?

தெருவே திரண்டு வந்தது. அதை நான் என்னவென்று சொல்வது! பெத்ரு கடையை மூடிவிட்டு வந்தான். பெண்கள் பாலாடைக்கட்டி அடை, திராட்சை இலைக் கொழுக்கட்டை என்று தட்டுத் தட்டாகக் கொண்டு வந்தார்கள். கட்டிலையும் பீரோவையும் ஆளாளுக்குத் தூக்கி அரை மணி நேரத்தில் மேலே ஏற்றிவிட்டார்கள். தோதெர் அண்ணன் முன்னாலேயே மேலே போய் சூப் வைக்கிறேன், அவள் வரும்போது வீடு வீடு மாதிரி மணக்க வேண்டும் என்று அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். கீழே வியோரெல், ரலூகா, போட்டோ எடுக்க ஒரு ஆள்.

அக்காவைக் கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தோளில் தூக்கினோம். முன்னால் நானும் பெத்ருவும், பின்னால் பெத்ருவின் தம்பிமார் இரண்டு பேர். அவள் நல்ல கறுப்புத் தலைத்துணி கட்டியிருந்தாள். கூட்டம் கை தட்டியது. "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

முதல் படி, இரண்டாம் படி. அவள் கனமே இல்லை, நாற்காலிதான் கனம். ஆறாவது படியில் கால் வைத்தபோது அக்கா நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினாள்.

"நில்லுங்கடா."

நின்றோம். மூச்சு வாங்குகிறாள் போல என்று நினைத்தேன். அவள் குனிந்து கீழே தரையைப் பார்த்தாள், பிறகு அந்தப் படியைப் பார்த்தாள்.

"பெத்ரு. வெள்ளத்துல இந்த எடத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

பெத்ரு சிரித்தான். "என்னக்கா இப்பப் போய்? தோள் வலிக்குது."

"வலிக்கட்டும். எதுவரைக்கும்?"

கீழே பேச்சு நின்றுவிட்டது. ரலூகா தலையை உயர்த்திப் பார்த்தாள்.

"ஏண்டா, என்னத் தூக்க நாலு தோள் இருக்கு. கீழ இன்னும் நாப்பது தோள் நிக்குது, நான் நான்னு. இத்தன பேர்ல கையெழுத்துப் போட ஒரு கை இல்லாமப் போச்சே. தினமும் வந்து தூக்குவீங்களா? டாக்டர்கிட்டப் போக, சர்ச்சுக்குப் போக, சும்மா வெயில்ல உக்கார? எத்தன நாளைக்கு? ரெண்டு நாள்? ஒரு வாரம்? சொல்லு பெத்ரு, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

பெத்ருவின் காது சிவந்துபோய்விட்டது. "இதுவரைக்கும்தான்க்கா," என்றான், பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"கேக்கல."

"இந்தப் படி வரைக்கும்தான்!"

"பின்னால இருக்குறவனுங்க?"

"ஆமாக்கா." "ஆமா."

"எமில்?"

அவ்வளவு பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். "இதுவரைக்கும்தான்க்கா. கோட்டுக்கு டியூபப் பிடிச்சது நான். மட்டம் பாத்தது நான்."

ரலூகா கையில் வைத்திருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "மே மாசம் எங்க போயிருந்தீங்க?" என்றாள். "இப்பச் சொல்லி நான் என்ன பண்ண? இத அறுத்துக் கீழ எறக்கவா?"

மேலேயிருந்து தோதெர் அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். கையில் கரண்டி. புளிப்பு சூப்பின் வாசனை படியெல்லாம் இறங்கி வந்தது. "ஏன் நடுவுல நின்னுட்டீங்க? வாங்க, சூப் ரெடி. சாஃப்தா, ஜன்னல்லேர்ந்து ஆறு தெரியுது, வந்து பாரு!"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் இருந்த கோபம் அவள் முகத்தில் இப்போது இல்லை, களைப்பு மட்டும்தான் இருந்தது.

"என்னக் கீழ எறக்குங்கடா," என்றாள் எங்களிடம்.

"அக்கா, அந்தச் செவுரு..."

"எறக்குன்னு சொன்னேன். மேல ஏத்திட்டீங்கன்னா அப்புறம் என்னப் படுக்க வெச்சுத்தான் எறக்குவீங்க. எனக்கு இன்னும் உக்காந்துட்டே எறங்குற வயசுதான்."

பிறகு, அண்ணாந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள்.

"யோவ் தோதெர்! அடுப்ப அணைச்சிட்டு எறங்கி வா. வீட்டுக்குப் போவோம்."